தவில்: தோலும் இழுவிசையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் 16 நாள் மகோற்சவம் ஆனி மாதத்தில், கடலீரம் சுமந்த சோழகம் வீசும் பருவத்தில் நடைபெறுகின்றது. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி வரும் தவிலுக்கு இக்காற்றே பெருஞ்சோதனையாகும். ஏனெனில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்தால் அதன் சுருதி இறங்கிவிடும். ஆதலால் தோலை இழுத்து நிறுத்தும் முறையே தவில் அமைப்பின் உயிர்நாடி எனலாம்.

தவிலின் உடல், ஒரே பலாமரத் துண்டை உட்புறம் குடைந்து, நடுப்பகுதி புடைத்திருக்குமாறு கடையப்படுகின்றது. அதன் இரு வாய்களையும் மூடும் தோல்கள் பருத்த வளையங்களில் பொருத்தப்பட்டு, ஒரு வளையத்திலிருந்து மற்றதற்கு ஓடும் தோல்வார்களால் இறுக்கப்பட்டன. வலக்கைப் பக்கமான வலந்தலை, இடப்பக்கமான தொப்பியைவிட அகலமானது. அகன்ற தோல் தாழ்ந்து ஒலிக்கும் என்பது பொதுவிதியாயினும், வலந்தலை மிகக் கடுமையாக இழுக்கப்படுவதால் உயர்ந்தே ஒலிக்கின்றது. ஒரு தோலின் சுருதியை ஒரு ஸ்தாயி, அதாவது அதிர்வெண்ணில் இருமடங்கு, உயர்த்த வேண்டுமாயின் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால், சிறு சுருதி மாற்றத்திற்கும் வாரிழுப்பவரின் உழைப்பு பெரிதாயிருந்தது. தொப்பியோ, உட்புறம் ஆமணக்கெண்ணெய் கலந்த பசை பூசப்பட்டுத் தளர்வாக விடப்படுவதால் ஆழ்ந்து முழங்குகின்றது.

இக்காலத் தவில்களில் தோல்வார்களின் இடத்தை உலோக வளையங்களும் திருகாணி பூட்டிய இரும்புக் கம்பிகளும் பெற்றுள்ளன. மேலைநாட்டுப் பியானோவும் இவ்வழியே வந்ததாகும்: தந்திகளின் இழுப்பை மரச்சட்டம் தாங்க இயலாமையால், 1825இல் பாஸ்டன் நகரின் ஆல்பியஸ் பாப்காக் ஒரே வார்ப்பிலான இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார், இன்றைய பெரிய கிராண்ட் பியானோவில் அச்சட்டம் ஏறத்தாழ 20 தொன் இழுவிசையைத் தாங்குகின்றது. தவிலில் இரும்பு புகுந்ததை மரபின் இழப்பாகக் கொள்வதற்கில்லை. ஈரக்காற்றில் தளரும் தோலைத் திருகாணியால் உடனுக்குடன் முடுக்க முடிவது தீவகக் கோயில்களில் வாசிப்போருக்குப் பெரும் பேறே.

இவ்வளவு இறுகிய தோலை வெறும் விரலால் நெடுநேரம் வாசித்தல் அரிது. எனவே துணியைப் பசையிட்டுச் சுற்றி உலர்த்திய கூடுகளை வலக்கை விரல்களில் அணிந்து, இடக்கையில் பூவரசங்கழி ஏந்தி வாசிக்கின்றனர். இறுகிய தோல் விரலை உடனே எதிர்த்து உந்துவதால் அடுத்த அடிக்கு அது விரைவில் ஆயத்தமாகின்றது. அளவெட்டி தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்ற பெருங்கலைஞர்களின் அதிவேகச் சொற்கட்டுகள் ஒன்றோடொன்று கலவாமல் தெளிந்து ஒலித்தமைக்கு, அவர்தம் சாதகத்தோடு இவ்விறுக்கமும் துணைநின்றது.