கடைக்குள் ஒரு மாடி!
போடுமுன் கணக்குப் பாருங்கள்

கடை சிறியது, சரக்கோ பெருகிவிட்டது. பக்கத்து இடத்தை வாங்கலாமென்றால் யானை விலை, குதிரை விலை! முதலாளி நிமிர்ந்து பார்க்கிறார். தலைக்கு மேலே பதினைந்தடி உயரம் சும்மா கிடக்கிறது. "நடுவே ஒரு தளம் போட்டால் என்ன?" என்று தோன்றுகிறது.

இதுதான் இடைமாடி. இங்கிலீஷில் மெஸ்ஸனைன் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால், இது பரண் அல்ல. பரணில் பழைய பாத்திரம் கிடக்கும். இடைமாடியில் மனிதர்கள் நடப்பார்கள். அதன் கீழேயும் மனிதர்கள் நிற்பார்கள்.

2018 ஜனவரி 15-ந் தேதி ஜகார்த்தா நகரில் பங்குச் சந்தைக் கட்டடத்தின் இடைமாடி திடீரென்று சரிந்தது. கல்லூரி மாணவர்கள் கூட்டமாக அதன்மீது நடந்துகொண்டிருந்த நேரம். எழுபது பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

உயரம் போதுமா?

இடைமாடிக்குக் குறைந்தது 2.2 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஏழேகால் அடி. கீழேயும் ஏழேகால் அடி விடவேண்டும். நடுவே உத்தரமும் தளமும் அரையடியாவது பிடிக்கும். ஆகப் பதினைந்தடி! அதற்குக் குறைந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். பரப்பும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. உள்ளூர் நகராட்சியின் அனுமதியும் அவசியம்.

எவ்வளவு பாரம்?

நூறு சதுர அடித் தளத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர விதிப்படி, வீட்டு அறையானால் அது சுமார் 1,900 கிலோ தாங்கவேண்டும். விற்பனைக் கடையானால் சுமார் 3,800 கிலோ. கிடங்கானால் குறைந்தது 7,100 கிலோ!

ஆகவே, "உட்கார்ந்து கணக்கு எழுத" என்று போட்ட மாடியில் பிறகு சரக்கு மூட்டைகளை அடுக்குவது ஆபத்து. எழுதும் காகிதத்தை இடைவெளியின்றி ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால், ஒரு சதுர மீட்டரில் மட்டும் 700 முதல் 800 கிலோ இறங்குகிறது. எவ்வளவு தாங்கும் என்பதைப் பலகையில் எழுதி, மாடிப்படி அருகே மாட்டிவிடுங்கள்.

பாரம் எங்கே போகிறது?

சுவர் இருந்தால்தான் சித்திரம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் ஓட்டை போட்டு உத்தரத்தைச் செருகாதீர்கள். இரும்புத் தூண்களே நல்லது. நாலு தூண்களானால், கிடங்குப் பாரத்தில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்றேமுக்கால் டன் இறங்கும். தரை ஓடு அதைத் தாங்காது. கான்கிரீட் அஸ்திவாரம் வேண்டும். தூண்கள் பக்கவாட்டில் ஆடாமலிருக்கக் குறுக்குக் கம்பிகளும் வேண்டும்.

கூரையிலிருந்து தொங்கவிடலாமா? கூரை அதற்காகப் போடப்பட்டதல்லவே! 1981 ஜூலை 17-ந் தேதி அமெரிக்காவில் கன்ஸாஸ் நகர ஓட்டல் ஒன்றில், கம்பிகளில் தொங்கிய நடைபாலங்கள் அறுந்து விழுந்து 114 பேர் மாண்டார்கள். மேலும் கீழுமிருந்த இரண்டு பாலங்களை ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாகத்தான் முதலில் திட்டம். வேலையைச் சுலபமாக்க, அதை இரண்டு துண்டுக் கம்பியாக மாற்றினார்கள். கீழ்ப் பாலம் மேல் பாலத்திலேயே தொங்கியது. மேல் பாலத்தின் இணைப்பில் இரட்டிப்புப் பாரம் ஏறியது. ஆக, வேலை நடக்கும்போது "இப்படிச் செய்தால் என்ன?" என்று மேஸ்திரி கேட்டால், பதில் சொல்லவேண்டியவர் இன்ஜினீயர், முதலாளி அல்ல.

படியும் கைப்பிடியும்

சாய்த்து வைத்த ஏணி உதவாது. படியின் உயரம் ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கால் வைக்கும் அகலம் பன்னிரண்டு அங்குலம் இருக்கட்டும். விளிம்பில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டும். குழந்தையின் தலை நுழையாதபடி, நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

இரும்பு எரியாது என்று அலட்சியம் வேண்டாம். சூடு 600 டிகிரியை நெருங்கும்போது அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கீழே தீப்பிடித்தால் புகை மேலேதான் ஏறும். ஆகவே, படி வாசல் பக்கம் இறங்கட்டும். வெல்டிங் நடக்கும்போது துணியையும் காகிதத்தையும் அப்புறப்படுத்தி, மணல் வாளியைத் தயாராக வையுங்கள்.

இன்ஜினீயருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவாகத் தோன்றலாம். மாடியின் கீழே நின்று வியாபாரம் செய்யப்போகிறவர் நீங்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அது மலிவாகத் தெரியும்!