ஜவ்வு ஆபரேஷனில் 'ஸ்க்ரூ', 'பட்டன்' எதற்கு? எஸ்டிமேட்டில் வரும் அந்த ஒரு வரி

தி.நகர் சோமசுந்தரம் மைதானமோ, மெரினா மணலோ... ஓடுற வேகத்தில் சட்டென திரும்பும்போது முழங்காலில் 'டப்'னு ஒரு சத்தம். உடனே வீக்கம். எம்ஆர்ஐ பார்த்துவிட்டு, "ஏசிஎல் ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்கிறார் டாக்டர்.

ஆபரேஷன் எஸ்டிமேட்டில் 'இம்ப்ளான்ட்' என்று தனித் தொகை இருக்கும். மூட்டையே மாத்தப் போறாங்களோ என்று பலர் பயப்படுவது இங்கேதான். அது வேறு, இது வேறு.

பட்டன் என்ன செய்கிறது?

தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து, முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் துளை போட்டு, புது ஜவ்வாகக் கோர்க்கிறார்கள். அது நழுவாமல் பிடிக்கத்தான் இம்ப்ளான்ட். தொடை எலும்பில் பெரும்பாலும் குட்டி டைட்டானியம் பட்டன். காஜாவில் சட்டை பட்டன் நுழைவது போல ஒருக்களித்துத் துளையைத் தாண்டி, வெளியே போய்ப் படுத்துக்கொள்ளும். கீழ் எலும்பில் துளைக்குள் ஸ்க்ரூ.

தசைநார் எலும்போடு ஒட்ட சுமார் 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை மொத்தப் பிடிமானமும் இந்தப் பட்டனும் ஸ்க்ரூவும்தான். வலி போயிடுச்சே என்று மூன்றாவது வாரமே குதித்தால் பிடி தளரலாம். ஒட்டிய பிறகு இவற்றுக்கு வேலையே இல்லை; தொந்தரவு இல்லாவிட்டால் எடுக்கவும் தேவையில்லை. விளையாடப் போவது 9 மாதத்துக்குப் பிறகுதான்.

கரையும் ஸ்க்ரூ நல்லதா?

விலை கூடினால் தரமும் கூடும் என்பதில்லை. உலோக ஸ்க்ரூ எம்ஆர்ஐ படத்தைக் கொஞ்சம் மறைக்கும். கரையும் ஸ்க்ரூ அப்படிச் செய்யாது. ஆனால் கரைய வருடங்கள் ஆகலாம், சிலருக்கு நீர்க்கட்டியும் வரும்.

விலைக்கு உச்சவரம்பு உண்டா?

2017 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த உச்சவரம்பு மூட்டு மாற்று இம்ப்ளான்ட்டுகளுக்கு மட்டும்தான். ஜவ்வு ஸ்க்ரூ அதில் இல்லை. எனவே கம்பெனி, மாடல், எம்ஆர்பி மூன்றையும் முன்கூட்டியே கேளுங்க. பெட்டியோடு வரும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி வையுங்க.

எல்லா ஆபத்தும் ஸ்க்ரூவில் இல்லை. 2022 நவம்பரில் சென்னையில் கல்லூரி கால்பந்து வீராங்கனை ஒருவர் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு காலை இழந்து, உயிரையும் இழந்தார். இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டதாக அமைச்சர் மா.சுப்பிரமணியன் அப்போது தெரிவித்தார். ஆபரேஷன் ஆன காலில் விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீங்க. ராத்திரியானாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்க.