ஜப்பானில் பகுதிநேர ஆங்கில ஆசிரியர் வேலை: விசாவும் வீட்டுக் கடிகாரமும்

ஜப்பானில் வேலை பார்ப்பவரின் மனைவியோ கணவரோ அங்கே தங்குவதற்குத் தரப்படும் அனுமதியை நம்மவர்கள் டிபெண்டன்ட் விசா என்பார்கள். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. குடிவரவு அலுவலகத்தில் தனியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். பெற்றபின் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இரண்டு மூன்று இடங்களில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்ந்து அந்த 28 மணிக்குள் அடங்க வேண்டும். மீறினால் விசா நீட்டிப்பின்போது அது சிக்கலாகி நிற்கும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இந்திய ஐ.டி. குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. அந்த வீடுகளின் படித்த பெண்களுக்கு, ஜப்பானிய மொழி கைவராத தொடக்க ஆண்டுகளில், திறந்திருக்கும் சில கதவுகளில் ஒன்று ஆங்கிலம் கற்பிப்பது. தேவையும் குறையவில்லை. 2020 முதல் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம். மூன்றாம் வகுப்பிலேயே பேச்சுப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. ‘எய்கென்’ என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பல பெற்றோருக்குப் பெரிய அக்கறை. ‘எய்காய்வா’ எனப்படும் பேச்சு ஆங்கில நிலையங்கள் ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் இருக்கின்றன.

சிக்கல் நேரத்தில்தான். எய்காய்வா நிலையங்களில் குழந்தைகளுக்கான வகுப்புகள் பள்ளி விட்டபின், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தொடங்கி இரவு ஏழு வரை ஓடும். அலுவலகம் போகிறவர்களுக்கான வகுப்புகள் அதற்கும் பிறகு, இல்லையென்றால் சனி, ஞாயிறு. சொந்தப் பிள்ளைகள் பசியோடு வீடு திரும்பும் நேரமும் அதுவே. ஊதியத்தைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, இரண்டே மாதத்தில் மூச்சு முட்டி விலகுவது இந்த வேலையில் எளிதாக நேரக்கூடியது. எனவே சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் முதலில் தேட வேண்டியது காலை நேர வேலை. மழலையர் பள்ளிகளில் வாரம் சில மணி நேர ஆங்கில வகுப்பு, இல்லத்தரசிகளுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்குமான முற்பகல் குழுக்கள், அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் துணை நிற்கும் ‘ஏ.எல்.டி.’ வேலையில் வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும் வரும் இடங்கள் ஆகியவை பகலிலேயே முடிந்துவிடும். மணிக்கு ஐந்நூறு யென் குறைந்தாலும் இவைதான் நிலைக்கும்.

பள்ளி வயது வராத குழந்தைக்கு ‘ஹோயிகுஎன்’ என்ற பகல் காப்பகம் வேண்டும். அங்கே இடம் கேட்டால் நகராட்சி பெற்றோர் இருவரின் வேலைச் சான்றையும் கேட்கும். வேலை கேட்டுப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நிலையம் கேட்கும். இந்த முடிச்சை அவிழ்க்கச் சில வழிகள் உண்டு. வேலை தேடுகிறவர் என்ற காரணத்திலேயே குறுகிய காலத்துக்கு இடம் தரும் ஏற்பாடு நகராட்சிகளில் இருக்கிறது. மணிக்கணக்கில் குழந்தையை விட்டுச் செல்லும் தற்காலிகக் காப்பும் உண்டு. ‘ஃபேமிலி சப்போர்ட் சென்டர்’ என்ற நகராட்சித் திட்டத்தில், பதிவு செய்துகொண்ட அக்கம்பக்கத்தார் சிறு கட்டணத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். 2019 அக்டோபர் முதல் மூன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு அங்கீகாரம் பெற்ற காப்பகங்களில் அடிப்படைக் கட்டணமும் இல்லை. ஆனால் குழந்தைக்கு 37.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் காப்பகத்திலிருந்து போன் வரும், போய் அழைத்து வர வேண்டும். அந்த நாளில் வகுப்பை யார் எடுப்பார்கள் என்பதை வேலையில் சேருமுன்பே நிலையத்திடம் கேட்டுவிடுவது நல்லது. மாற்று ஆசிரியரை நிலையமே ஏற்பாடு செய்யுமா, ஆசிரியர்தான் தேடிக்கொள்ள வேண்டுமா என்ற ஒரே கேள்வியில் நிலையத்தின் தரம் தெரிந்துவிடும்.

வீட்டிலேயே டியூஷன் எடுத்தால் தொல்லையில்லை என்று தோன்றும். பொதுவாகத் தரப்படும் 28 மணி அனுமதி, வேலை நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டக்கூடிய சம்பள வேலைக்கானது. நேரத்தை உறுதிப்படுத்த முடியாத சுயதொழிலுக்குத் தனி அனுமதி கேட்க நேரலாம். தெரிந்தவர் பிள்ளைதானே என்று தொடங்குமுன் குடிவரவு அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.

ஊதியம் இடத்துக்கு இடம் மாறும். 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,163 யென் ஆனது. ஆங்கில வகுப்புகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே தருவார்கள். மணிக்கு 2,000 யென் என்று வைத்துக்கொண்டால், வாரம் 12 மணி நேரம் ஆண்டு முழுக்க உழைத்தால் 12 லட்சத்து 48 ஆயிரம் யென். ஆண்டு வருமானம் 13 லட்சத்தைத் தொட்டால் துணைவரின் மருத்துவக் காப்பீட்டில் சார்ந்தவராக இருக்க முடியாது. தனியே பிரீமியம் கட்ட வேண்டும். அந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறவருக்குக் கூடுதல் உழைப்பின் பலன் பிரீமியத்திலேயே போய்விடும்.

ஒப்பந்தம் எவ்வகை என்பதும் முக்கியம். ஊழியராகச் சேர்ந்தால் பகுதிநேரமானாலும் ஆறு மாதத்துக்குப் பின் சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கும். ஊழியராக அல்லாமல் வெளியிலிருந்து பணியை ஏற்றுச் செய்யும் ‘கியோமு இதாகு’ என்ற ஒப்பந்த முறையில் அந்த உரிமை பொதுவாகக் கிடையாது. அப்போது நாட்டின் மிகப் பெரிய எய்காய்வா நிறுவனமாக இருந்த நோவா 2007 அக்டோபரில் முறிந்தபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு நின்றார்கள். சம்பளம் ஒரு மாதம் தள்ளினாலே விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது போதும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் வேண்டும் என்று சில விளம்பரங்கள் இன்றும் கேட்கின்றன. நன்றாகக் கற்பிக்கத் தெரிந்தவரை இப்படி வாசலிலேயே திருப்பி அனுப்புவது நியாயமல்ல. 12 ஆண்டு ஆங்கில வழியில் படித்ததற்கான சான்று அங்கே ஓரளவு கைகொடுக்கும். 120 மணி நேரத்துக்குக் குறையாத ‘செல்டா’ போன்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியும், அதில் வரும் நேரடி வகுப்புப் பழக்கமும் இன்னும் வலுச் சேர்க்கும். டோக்கியோவின் இந்தியப் பள்ளிகளையும் விசாரித்துப் பார்க்கலாம்.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரலில் காப்பக இடம் வேண்டுமானால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். எனவே போகத் திட்டமிடுகிறவர்கள் ஆங்கில வழிச் சான்றைப் படித்த பள்ளியிலிருந்து ஊரைவிட்டுக் கிளம்புமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக நகராட்சி அலுவலகத்தில் காப்பக விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.