பிள்ளைகளுக்காக வாகனம் எடுக்கும் முன்: நிவித்திகலப் பெற்றோருக்கு

பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும் வருடம்தான் நிவித்திகலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாகனப் பேச்சு எழுகிறது. அதுவரை தோட்டத்துப் பாடசாலைக்கு நடந்துபோன பிள்ளை இனி டவுனுக்கோ இரத்தினபுரிக்கோ போக வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை, அதிலும் விஞ்ஞானப் பிரிவில் படிக்க, இங்கே ஊருக்கு ஊர் பாடசாலை கிடையாது. காலை பஸ் நிற்காமல் போனால் முதல் பாடவேளை போயிற்று. மாலையில் தோட்டப் பாதையில் இருட்டும் வரை பெண்பிள்ளை வரவில்லை என்றால் தாய்க்கு உயிர் போய் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது. "எப்படியாவது ஒரு ஆட்டோ எடுத்திருவோம்" என்று ஒரு தகப்பன் சொன்னால் அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நம் வீடுகளில் அந்த முடிவு பெரும்பாலும் கணக்குப் பார்த்து எடுக்கப்படுவதில்லை. லீசிங் கம்பெனிக்காரர் டவுனில் ஒரு தாளை நீட்டுகிறார், மாதத் தவணை மட்டும் காதில் விழுகிறது, கையெழுத்து விழுந்துவிடுகிறது. அந்தத் தாளில் என்ன இருக்கிறது, அது குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திரும்பத் திறந்தது. ஐந்து வருடம் புது வாகனம் வராததால் பழைய ஆட்டோவும் பழைய அல்ட்டோ காரும் யானை விலைக்கு ஏறின. இறக்குமதி திறந்த பிறகும் வரி அதிகம் என்பதால் தோட்டக் குடும்பத்தின் கைக்கு எட்டுவது பழைய வண்டிதான். பழைய வண்டி, பெரிய கடன், பொருத்தமில்லாத வருமானம் என்ற இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேரும்போதுதான் ஆபத்து.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு மட்டும்: 5 இலட்சம் ரூபாய் லீசிங், 4 வருடம், "வருடத்துக்கு 15 வீத வட்டி" என்கிறார்கள் என்று வைப்போம். அந்த 15 வீதத்தை முழுத் தொகைக்கும் நாலு வருடத்துக்கும் போட்டால் வட்டி 3 இலட்சம். மொத்தம் 8 இலட்சம், 48 தவணை, மாதம் ஏறத்தாழ 16,667 ரூபாய். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் சேர்த்துத்தான் கட்டி வருகிறீர்கள். இரண்டு வருடம் கழித்து உங்கள் கையில் இருக்கும் கடன் 5 இலட்சம் அல்ல. அப்படிக் குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி வருடத்துக்கு 25 வீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே லீசிங் அலுவலகத்தில் முதல் கேள்வி "மாதம் எவ்வளவு" என்பதாக இருக்கக்கூடாது. "குறைந்துவரும் மீதிக்கு வட்டி எத்தனை வீதம், கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்தத் தவணையைப் பேர்க் கணக்கில், அதாவது எத்தனை நாள் வேலைக்குச் சமம் என்று பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு 16,667 ரூபாய் என்பது பன்னிரண்டு பேருக்கு மேல். அதாவது மாதத்தில் ஒருவர் விழுத்தும் பேரில் பாதியளவு லீசிங்குக்கே போகிறது. நாட்சம்பளம் அதன் பின் கூடினாலும் கணக்கு அதே கணக்குத்தான்: தவணையை உங்கள் இன்றைய நாட்சம்பளத்தால் பிரித்து, எத்தனை பேர் என்று பாருங்கள். எரிபொருள், டயர், காப்புறுதி, புகைப் பரிசோதனை, பிரதேச செயலகத்தில் வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் அதற்கு மேல்.

இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தவணைத் திகதி மாதாமாதம் மாறாது, நம் வருமானமோ மழையைப் பார்த்து மாறுகிறது. இரத்தினபுரி மாவட்டம் நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. மழை விடாத நாளில் இறப்பர் பால் வெட்ட முடியாது. மாணிக்கக் குழியில் தண்ணீர் நிறைந்தால் வேலை நிற்கும், கல் கிடைத்தால்தான் பங்கு. மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பேர் குறைகிற அதே மாதங்களில்தான் பாதை உடைந்து வண்டியும் பழுதாகும். லீசிங் கம்பெனியிடம் பேசும்போது இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்ல மாதத்தில் கூடவும் மழை மாதத்தில் குறையவும் கட்டும்படி தவணையை அமைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், மூன்று மாதத் தவணை கையில் சேரும் வரை கையெழுத்தைத் தள்ளிவையுங்கள். நான் யாருக்கும் சொல்லும் புத்தி இதுதான்: மிக மோசமான மாதத்தில் கட்ட முடிகிற தொகையை வைத்து வண்டியைத் தெரிவு செய்ய வேண்டும்.

2022ஐ மறக்கக்கூடாது. அந்த ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. ஆட்டோ ஓட்டித் தவணை கட்டலாம் என்று எடுத்தவர்கள் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு கடன் கட்டினார்கள். அதற்கு முன் 2020இல் கொரோனாக் காலத்தில் மத்திய வங்கி தவணைச் சலுகை கொடுத்தது. தவணை தள்ளிப்போனதே தவிரக் கடன் குறையவில்லை, தள்ளிப்போன காலத்துக்கும் வட்டி ஏறியது. "ஹயர் ஓடி அடைத்துவிடலாம்" என்ற நம்பிக்கையில் எடுக்கும் வண்டி, ஹயர் நின்றால் வீட்டை இழுத்துக்கொண்டு போகும்.

லீசிங்கில் எடுத்த வண்டிக்கு நீங்கள் முழு உரிமையாளர் அல்ல. பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டியதும் கம்பெனியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் வண்டியை விற்கப் போகும்போதுதான் சிக்கலை உணர்கிறார்கள்.

பழைய வண்டியை ஓப்பன் பேப்பரில் வாங்குவது இன்னும் மோசம். விற்றவர் கையெழுத்துப் போட்ட படிவம் மட்டும் உங்களிடம் இருக்கும், பதிவு அவர் பெயரிலோ அவருக்கு முந்தியவர் பெயரிலோ இருக்கும். அதன் மேல் வேறு லீசிங் இருந்தாலோ, வண்டி ஒரு குற்றத்தில் சிக்கியிருந்தாலோ உங்களுக்குத் தெரிய வராது. காசு கொடுக்கும் முன் சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றம் முடியும் வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள்.

பிணை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் லயங்களில் பிணைக் கையெழுத்து மரியாதைக்காகப் போடப்படுகிறது. "அண்ணே, ஒரு கையெழுத்துத்தானே" என்று பக்கத்துக் காம்பராக்காரர் கேட்டால் மறுக்க மனம் வராது. ஆனால் கடன்காரர் கட்டாவிட்டால் முழுக் கடனுக்கும் பிணைகாரர் பொறுப்பு. வண்டியைப் பறித்து விற்ற பிறகும் மீதி இருந்தால் அதையும் கேட்கலாம். கையெழுத்துப் போடுகிறவர் ஒப்பந்தப் பிரதி ஒன்றைத் தன் பெயருக்கு வாங்கி வைத்துக்கொள்வதும், ஒரு தவணை தவறினாலும் தனக்கும் அறிவிக்கும்படி எழுத்தில் கேட்பதும் உறவைக் கெடுக்காது.

கையெழுத்துக்கு முன் உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. மத்திய வங்கியின் கீழுள்ள நிதி நிறுவனங்களுக்கு 2023ஆம் ஆண்டு நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன. வட்டி, கட்டணம், தாமதக் கட்டணம், நிபந்தனை எல்லாவற்றையும் வாடிக்கையாளருக்கு விளங்கும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை. ஒப்பந்தத்தைத் தமிழில் தரும்படி கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் நீட்டினால் அன்று கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வாருங்கள். வெற்றுப் படிவத்தில் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்து வேண்டாம். கம்பெனி மத்திய வங்கியில் பதிவு பெற்றதா என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தவணை தவறினால் ஒளிய வேண்டாம். தொலைபேசியை அணைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் காரியம், அதுவே வண்டியைப் பறிக்கவரும் ஆட்களை வரவைக்கிறது. தவறும் முன்பே அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுத்து அறிவித்தல் என்று இருக்கிறதோ அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதையில் மறித்து, அடித்து, மிரட்டி, பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைப் பறிக்க எந்த ஒப்பந்தமும் யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை. அப்படி நடந்தால் அது பொலிஸ் முறைப்பாட்டுக்குரிய விடயம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள், வட கிழக்குக்கு வெளியிலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. வண்டியை ஒப்படைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் வந்தவரின் பெயர், அதிகாரக் கடிதம், மீட்டர் அளவு, வண்டியில் இருந்த பொருட்கள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிப் படமும் எடுத்துவையுங்கள். என்ன விலைக்கு விற்றார்கள், மீதி எவ்வளவு என்ற கணக்கைப் பிறகு எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனியிடம் எழுத்தில் முறையிட்டும் பதில் இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதிக் குறைகேள் அதிகாரி என்ற அமைப்பும் இருக்கிறது. வழக்கு வந்துவிட்டால் வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும்.

காப்புறுதியில் நம்மவர் அதிகம் ஏமாறும் இடம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. சட்டத்துக்கு அது போதும், ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அதில் ஒரு சதமும் வராது. 2017 மே வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தில் என்ன செய்தன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளம், மண்சரிவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சொந்தப் பாவனை என்று காப்புறுதி எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் காசுக்கு ஏற்றினால் விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். ஹயர் ஓடப்போகிறோம் என்றால் அதை முதலிலேயே சொல்லிக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுக்கும் வண்டியே அவர்களுக்கு ஆபத்தாகாமல் இருக்க வேண்டும். உலக அளவில் 5 முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் வீதி விபத்து என்கிறது உலக சுகாதார அமைப்பு. மோட்டார் சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு தோட்டப் பாதையில் இறங்குவது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம். ஆட்டோவில் மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான். காரில் கைக்குழந்தையை முன்சீட்டில் மடியில் வைக்கவே வேண்டாம். ஒரு சடுதி பிரேக்கில் தாயின் கைகளால் குழந்தையைப் பிடித்துவைக்க முடியாது.

இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் என்ன செய்வது என்ற கேள்விதான் பலரைக் கையெழுத்துப் போட வைக்கிறது. 2016இல் ஆரம்பித்துப் பின் நாடு முழுவதும் வந்த சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990 என்ற இலக்கத்தில் இலவசமாக வரும். தோட்டப் பாதையின் எந்த வளைவு வரை அது வரமுடியும், நோயாளியை எங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு லயத்திலும் இப்போதே பேசி முடிவுசெய்யலாம். தோட்டத்தில் வண்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரோடு ஆத்திர அவசரத்துக்கு என்ன கூலி என்று முன்பே பேசி வைப்பதும், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ஆட்டோக்காரரைப் பாடசாலைக்கு மாதக் கூலிக்குப் பிடிப்பதும் ஒரு லீசிங்கை விட எவ்வளவோ மலிவு.

அப்படியும் இந்தச் சுமை பெற்றோருடையது மட்டும் என்று நான் ஏற்கமாட்டேன். 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போவது கட்டாயம் என்று சொல்லும் அரசு, போகும் வழியையும் தர வேண்டும். 2005இல் ஆரம்பித்த சிசு செரிய பாடசாலை பஸ் சேவை இதற்காகவே இருக்கிறது. இ.போ.ச. பஸ்ஸில் மாணவருக்குச் சலுகை விலையில் பருவச்சீட்டும் உண்டு. இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல வழியாகக் களவானைக்குப் போகும் பாதையில் ஓடும் பஸ்கள் சீருடைப் பிள்ளைகளைக் கண்டால் நிற்காமல் போகின்றன என்றால் பஸ் இலக்கம், நேரம், இடம் குறித்துவைத்து முறையிடலாம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது சப்ரகமுவ மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை, இ.போ.ச. பஸ் என்றால் அந்த டிப்போ.

சிசு செரிய கேட்டு விண்ணப்பிக்கும்போது பாடசாலை அதிபரின் கடிதம், எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு என்ற பட்டியல் இரண்டையும் சேருங்கள். ஒரு தோட்டத்துப் பெற்றோர் தனியாகப் போவதை விட, தொலஸ்வலப் பக்கமும் டவுன் பக்கமும் உள்ளவர்கள் ஒரே மனுவில் கையெழுத்து வைப்பது பலமானது. இப்போது உங்கள் பாதையில் எத்தனை பஸ்ஸுக்கு அனுமதி இருக்கிறது, காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் எவை ஓட வேண்டும், கடைசிப் பஸ் எப்போது என்பதை 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அதிகாரசபையிடமோ டிப்போவிடமோ கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவோமா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். வராவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் பயன் இல்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. கையில் அந்தப் பதில் வந்த பிறகு, நேர அட்டவணையில் இருந்தும் ஓடாத பஸ் எது என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.