பழைய வண்டி வாங்கலாமா? – 9: பாதி இண்டிகா

போன வாரம் சேஸிஸ் துருவோடு நிறுத்தினோம். சுத்தியலால் எங்கே தட்ட வேண்டும் என்பது நினைவிருக்கும்; மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுங்கள். இந்த வாரம் இன்ஜின். எந்த வேலைக்கு எந்த இன்ஜின், டர்போவை எப்படிச் சோதிப்பது, பி.எஸ்.6 வண்டியைத் தொடலாமா என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். நடக்காது என்று இப்போதே தெரிகிறது. காரணம், 275 என்கிற ஓர் எண்.

டாடா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்தது. நம் ஊர் அதைக் குட்டி யானை ஆக்கிவிட்டது. அதன் டீசல் இன்ஜினின் பெயர் 275 ஐ.டி.ஐ. டாடா இன்ஜின்களில் முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை, அடுத்த இரண்டும் சிலிண்டரின் விட்டம், அதாவது போர், மில்லிமீட்டரில். ஆக, இரண்டு சிலிண்டர், 75 மி.மீ. போர். 1998-ல் அறிமுகமான இண்டிகா காரின் டீசல் இன்ஜின் என்ன தெரியுமா? 475. நான்கு சிலிண்டர், அதே 75. பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக்கும் இரண்டிலும் 79.5 மி.மீ. இண்டிகா 1405 சி.சி., ஏஸ் 702 சி.சி. பூசணிக்காயை நடுவில் அரிந்த மாதிரி, சரிபாதி!

கிரீஷ் வாக் தலைமையில் ஏஸை உருவாக்கிய குழு, புது இன்ஜின் ஒன்றை முதலிலிருந்து வரைந்து கொண்டிருந்தால் வண்டி அந்த விலைக்கு வந்திருக்காது. கையிலிருந்த இன்ஜினில் பாதியை எடுத்து, இரண்டு சிலிண்டரால் வரும் நடுக்கத்துக்கு வழி பார்த்து, சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். பிறகு சூப்பர் ஏஸ் வந்தபோது முழு இண்டிகாவும் டர்போவோடு உள்ளே போனது.

சூத்திரம் பிடிபட்டதும் எனக்குக் கை நிற்கவில்லை. டாடா 207 பிக்கப்பிலும் பழைய 407-லும் இருப்பது 497: நான்கு சிலிண்டர், 97 மி.மீ., 2956 சி.சி. சுமோவில் 483. லாரிகளில் 697: ஆறு சிலிண்டர், அதே 97, ஸ்ட்ரோக் 128, மொத்தம் 5675 சி.சி. மெர்சிடிஸ் பென்ஸின் ஓ.எம்.352 இன்ஜினின் அளவும் இம்மி பிசகாமல் இதுதான். 1954-ல் டாடாவும் பென்ஸும் கைகோத்த காலத்தின் ரத்தம் அது. நானோவின் இன்ஜினுக்கு 273 என்று பெயர். அதன் போர் உண்மையில் 73.5. அரை மில்லியைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள்.

மகிந்திராவின் பொலேரோ பிக்கப் இன்னும் சுவாரசியம். அதன் 2523 சி.சி. இன்ஜினின் போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ. எவராவது இப்படி உடைந்த எண்களில் இன்ஜின் வரைவார்களா? 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம்! இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இங்கிலாந்தில் தயாரித்த டிராக்டர்களில் இருந்த பி.டி.154 இன்ஜினின் அளவு இது. அந்த நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் 1963-ல் மகிந்திரா டிராக்டர் தொழிலில் இறங்கியது. மூட்டை ஏற்றிக்கொண்டு பொலேரோ மேட்டில் முனகாமல் ஏறுவதற்கு அந்த உழவு வம்சம் ஒரு காரணம் என்பது என் கட்சி. நீளமான ஸ்ட்ரோக், குறைந்த சுழற்சியிலேயே இழுவை.

இத்தனை கணக்கும் வாங்குபவருக்கு எதற்கு? ஆர்.சி. புக்கைப் பிரியுங்கள். சி.சி., சிலிண்டர் எண்ணிக்கை, இன்ஜின் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் வேறொன்று என்றால் இன்ஜின் மாறியிருக்கிறது. மாற்றுவது பாவமில்லை, ஆர்.டி.ஓ. பதிவில் ஏறாமல் இருப்பதுதான் வில்லங்கம், எஃப்.சி.யில் நிற்கும். அடுத்து, “போர் வேலை பார்த்தாச்சுங்க” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எத்தனை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் என்று கேளுங்கள், லேத் பில்லையும் கேளுங்கள். 75 மி.மீ. போர் அரை மில்லி கூடினால் 702 சி.சி. ஏறத்தாழ 712 ஆகியிருக்கும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொரு ரீபோரிலும் சிலிண்டர் சுவர் மெலிகிறது, அடுத்த முறைக்கு மிச்சம் குறைகிறது.

இனி ஐ.டி.ஐ. இதில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் தெளிக்கப்படுவதில்லை. ஹெட்டில் இருக்கும் ஒரு சின்ன அறையில் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. சத்தம் குறைவு. ஆனால் அந்த அறையின் சுவர் சூட்டைக் குடித்துவிடுவதால், குளிர்ந்த இன்ஜினுக்கு க்ளோ பிளக் உதவி கட்டாயம். அதனால்தான் சொல்கிறேன், வண்டியை விடியற்காலையில் போய்ப் பாருங்கள், வருவதை முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். பானெட்டையோ சீட்டையோ தூக்கி இன்ஜினைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு ஆறும்வரை காத்திருக்கலாம், வெட்கமே வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைக் கழற்றுங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் அதுதான் பேக் கம்ப்ரஷன்: ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

சங்ககிரிப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். குட்டி யானை வாங்க வருகிறவரிடம் இன்ஜினைப் பற்றிப் பேசவே மாட்டார். “தம்பி, என்ன லோடு, எந்த ரோடு?” அவ்வளவுதான் கேள்வி. ஒருவர் கொல்லிமலையிலிருந்து வாழைத்தார் இறக்கவும், மேலே சிமெண்ட் மூட்டை ஏற்றவும் என்றார். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். “யானைன்னு பேரு வெச்சுட்டா மரம் இழுக்கும்னு அர்த்தமா?” தொடக்ககால ஏஸின் திறன் 16 குதிரைத்திறன், பாரம் முக்கால் டன். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றரை டன்னை வைத்து முதல் கியரிலேயே உறும விட்டால், நல்ல இன்ஜினும் ஹெட் கேஸ்கெட்டை ஊதிவிட்டுத்தான் ஓயும். வந்தவர் பொலேரோ வாங்கிக்கொண்டு போனார். அறுபதுக்கு மேல் குதிரைத்திறன். டீசல் செலவு கூடுதல்தான், ஆனால் மலை ஏறும்.

என் தீர்ப்பு இது. ஊருக்குள் தண்ணீர் கேன், காய்கறி, வீடு காலி செய்யும் சாமான் என்று சின்ன லோடு ஓட்டுகிறவருக்கு மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய 275 போதும். நாசிலையும் பம்பையும் சரிபார்க்க எந்தத் தாலுகாவிலும் ஆள் உண்டு. ஒரு டன்னுக்கு மேல், நெடுஞ்சாலை என்றால் அசோக் லேலண்ட் தோஸ்த்தின் மூன்று சிலிண்டர், 1478 சி.சி. காமன் ரயில் இன்ஜின் சிக்கனம். ஆனால் காமன் ரயில் இன்ஜெக்டருக்கு அழுக்கு டீசலும் தண்ணீரும் எமன். ஃபில்டர் மாற்றிய பில் காட்டாதவரிடம் அந்த வகை வண்டியை வாங்காதீர்கள். மலையும் மண் ரோடும் என்றால் 2523.

டர்போவுக்கு இடமில்லை, ஆசிரியர் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டார். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். பற்றியும் விரிவாகப் பேச வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று நின்று ஓடும் வண்டிக்கு அது பெரிய தலைவலி. அடுத்த வாரம் இரண்டையும் பார்ப்போம். பி.எஸ்.6 வண்டி ஒன்றை விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.