தாயை முகர்ந்து அறியும் சிசு

சுவிட்சர்லாந்தில் பிறக்கும் குழந்தைகளின் குதிகாலில், பிறந்த சில நாட்களுக்குள் ஊசியால் குத்திச் சில துளி இரத்தம் எடுக்கப்படுகிறது. பிறவியிலேயே வரக்கூடிய வளர்சிதை மாற்றக் கோளாறுகள் போன்றவற்றைக் கண்டறிவதற்கான இந்தச் சோதனையை சூரிச் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வுக்கூடம் செய்கிறது. குத்து சிறியதுதான். ஆனால் குழந்தை வீறிட்டு அழும்.

அந்த அழுகையை ஒரு வாசனையால் தணிக்க முடியுமா என்ற கேள்வியை ஜெனீவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆந்த்ரே புல்லிஞ்சரும் அவரது சக ஆய்வாளர்களும் எழுப்பினர். 2005ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வில், குதிகாலில் குத்தப்பட்ட வேளையில் சில குழந்தைகளுக்குத் தாய்ப்பாலின் வாசனையும், வேறு சிலருக்கு முன்கூட்டியே பழக்கப்படுத்தப்பட்ட வனிலா வாசனையும் காட்டப்பட்டன. தெரிந்த வாசனையை முகர்ந்த குழந்தைகள், ஊசி எடுக்கப்பட்ட பின்னர் விரைவில் அமைதியடைந்தனர். வனிலாவை அதற்கு முன் அறிந்திராத குழந்தைகளிடம் இந்தப் பலன் காணப்படவில்லை. அதாவது, வாசனை இனிமையானதா என்பதைவிட அது பழகியதா என்பதே முக்கியம்.

குழந்தை உளவியலின் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஜெனீவாவில் இந்தக் கேள்வி எழ இவ்வளவு காலம் ஆனது வியப்புக்குரியது. அங்கு பணியாற்றிய ழான் பியாஜே, தமது மூன்று குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து 1936இல் எழுதிய நூலில் சப்புதல், பார்த்தல், கேட்டல், பற்றிப் பிடித்தல் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தார். மூக்கு அதில் தனி இடம் பெறவில்லை.

ஆனால் பார்வை மங்கலாக இருக்கும் பிறந்த குழந்தைக்கு மூக்கே முதல் வழிகாட்டி. கருவிலுள்ள குழந்தை பனிக்குடநீரை விழுங்குகிறது. அந்நீர் அதன் மூக்கினுள்ளும் சென்று வருகிறது. ஏறத்தாழ 29 வாரங்களில் பிறந்துவிடும் குறைமாதக் குழந்தைகளில் சிலரே வாசனைக்கு முகம் சுளிப்பதும் தலை திருப்புவதும் உண்டு. 1975இல் பிரிட்டிஷ் மருத்துவர் எய்டன் மக்ஃபார்லேன் நடத்திய சோதனையில், இரண்டு நாள் சிசுக்களால் தாயின் மார்புத் துணியையும் வேறொரு பெண்ணின் துணியையும் பிரித்தறிய முடியவில்லை. ஆறாம் நாளில் அவை தாயின் துணிப் பக்கமே அதிகம் திரும்பின. 1994இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், தாயின் ஒரு மார்பு மட்டும் கழுவப்பட்டிருந்தபோது, 30 சிசுக்களில் 22 கழுவாத மார்பையே நாடின.

தாய் உண்ணும் உணவும் இந்த அறிமுகத்தில் சேர்கிறது. பாசல் நகருக்கு வடக்கே, எல்லைக்கு அப்பாலுள்ள பிரான்சின் அல்சாஸ் பகுதியில், கர்ப்ப காலத்தில் சோம்பு மணம் கொண்ட பண்டங்களை உண்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்தவுடனேயே அந்த மணத்தை நாடியதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். மற்றக் குழந்தைகள் அதை விரும்பவில்லை.

புலம்பெயர்ந்த தமிழ்த் தாய்மாருக்கு இது வெறும் தகவல் அல்ல. தமிழகத்தில் பூண்டு என்றும் இலங்கையில் உள்ளி என்றும் அழைக்கப்படுவது பிள்ளை பெற்றவளின் பத்தியச் சாப்பாட்டில் தவறாது இடம்பெறும். சரக்குக் கறியின் மணம் பாலில் இறங்கிப் பிள்ளைக்கு ஆகாதோ என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. மணம் பாலில் இறங்குவது உண்மைதான். ஆனால் தாய் பூண்டு உட்கொண்ட பின்னர் குழந்தைகள் மார்பை விட்டு விலகாது கூடுதல் நேரம் பற்றியிருந்ததாக 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது.

தாயைப் பிரிந்து இன்குபேட்டரில் கிடக்கும் குறைமாதக் குழந்தைகள் விடயத்தில் இந்த அறிவு மேலும் கனதியானது. ஸ்ட்ராஸ்பர்கில், மருந்துக்கும் கட்டுப்படாமல் அடிக்கடி மூச்சு தடைப்பட்ட 14 குழந்தைகளுக்கு வனிலின் வாசனை ஒரு நாள் முழுவதும் அளிக்கப்பட்டபோது, அத்தகைய தடைகள் 36 சதவீதம் குறைந்தன. இது சிறிய ஆய்வு. மருந்துக்கு மாற்று என்று கொள்ளலாகாது. எனினும் தாய் தன் உடலோடு சில மணி நேரம் வைத்திருந்த துணியைக் குழந்தையின் அருகில் வைக்கும் வழக்கம் பல நாட்டு மருத்துவமனைகளில் உள்ளது. செவிலியரின் கண்காணிப்பில் செய்யப்படுவது இது. வீட்டில் உறங்கும் குழந்தையின் முகத்தருகே தளர்வான துணி எதுவும் இருக்கக்கூடாது; அங்கு தாயின் மார்போடு அணைத்துக்கொள்வதே போதும், வாசனைத் திரவியம் எதுவும் பூசாமல்.