கைவிடப்பட்ட கணினிகள் – 6
அரசு மடிக்கணினியின் இரண்டாம் ஆயுள்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த தினத்தன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டிலும், ராஜபாளையத்து நூற்பாலைக்கு மூன்று ஷிப்டிலும் ஆள் போகிற வீட்டிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டி ஜீவனம் செய்கிறவர் வீட்டிலும், அதுவரை பள்ளிக்கூட அறையில் மட்டுமே கணினியைக் கண்டிருந்த பிள்ளைகள், அதைத் தமக்கே உரிய பொருளாகப் பெற்று வந்தார்கள். அந்த யந்திரங்களில் எத்தனையோ இன்று பரண்மேல் கிடக்கின்றன. எடுத்துத் துடைத்துக் கடைக்குக் கொண்டுபோனால், "அண்ணாச்சி, இதுக்கு இனிமே சப்போர்ட் கிடையாது, புதுசு வாங்கிருங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே உண்டு. 2021 அக்டோபர் 5-ஆம் நாள் வெளியான விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிபி ரேமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 2017-க்குப் பின் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. அதற்கு முந்திய விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டன. மறைகுறிச் சாவிகளைக் களவு போகாமல் காக்கும் அந்தச் சில்லின் பிரயோஜனத்தை நான் மறுக்கவில்லை. எனினும், கீபோர்டும் திரையும் பழுதின்றி இருக்க, கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் பாடம் படிக்கவும் போதுமான சக்தியும் இருக்க, ஒரு நிறுவனத்தின் அட்டவணையில் இடம் பெறவில்லை என்ற ஒரே காரணத்தால் அந்த யந்திரத்தைக் குப்பையென்று தள்ளுவது பெரிய அநியாயம் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

நிபந்தனையை ஏய்த்து விண்டோஸ் 11-ஐயே ஏற்றுகிறவர்களும் உண்டு. ரூஃபஸ் என்னும் சிறு நிரலைக் கொண்டு, சில்லையும் ரேமையும் சோதிக்காதபடி ஒரு பென்டிரைவைத் தயாரித்துவிட்டால் நிறுவல் நடந்துவிடும். ஆனால் பின்னால் வரும் திருத்தங்கள் அதற்கு ஒழுங்காக வந்து சேரும் என்று யாரும் உறுதி கூறுவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்போ, 'பாப்கவுண்ட்' என்ற ஆணையை அறியாத மிகப் பழைய பிராசஸர்களில் துவங்கவே மறுத்தது. அந்தத் தடைக்கு உபாயம் இல்லை. வங்கிக் கணக்குத் திறக்கப்படுகிற வீட்டுக் கணினிக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதைவிட மேலான வழி, லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறுவது. விசேஷம் என்னவென்றால், தொடக்கத்தில் இந்த மடிக்கணினிகளுக்கு விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே அரசு திட்டமிட்டிருந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை மூலமாகக் கொண்டு, சென்னை சி-டாக் நிலையத்தின் முயற்சியால் 2007-இல் வெளிவந்த நம் நாட்டு இயங்குதளம் அது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, தன் அலுவலகங்களை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசே அறிவுறுத்தியதும் உண்டு. இருந்தும், அது ஏறி வந்த மடிக்கணினிகளில், படங்களுக்கு இடம் வேண்டுமென்று முதலில் ஃபார்மட் அடிக்கப்பட்டது அதற்கான வட்டுப் பகுதிதான். அதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

இன்று அதே யந்திரத்தில் லினக்ஸை மறுபடி ஏற்ற முனைகிறவர் இரண்டு சங்கடங்களை எதிர்பார்க்கலாம். முதலாவது, நெடுநாள் பரணில் கிடந்ததால், உள்ளேயிருக்கும் காசளவு பாட்டரி செத்துப்போய், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். தேதி தவறாயிருந்தால், வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களெல்லாம் இன்னும் அமலுக்கு வராதவையாகத் தோன்றி, பிரவுசர் எந்தப் பக்கத்தையும் நம்ப மறுக்கும். இணையம் கெட்டுப்போயிற்று என்று வீட்டார் கலங்குவார்கள். சொற்ப விலை பாட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது. இரண்டாவது, வைஃபை. சில கம்பெனிகளின் வைஃபை சில்லுகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், டெபியன் அதைத் தன் நிறுவல் தட்டில் நெடுங்காலம் சேர்க்காமலிருந்து, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. அப்படியும் வைஃபை எழவில்லையானால், கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கடன் வாங்கி, தேவையான கோப்பை இறக்கிக்கொள்ளலாம். 2 ஜிபி ரேமே உள்ளவர்கள் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான முகப்பைத் தேர்ந்தால் மூச்சுத் திணறாது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி பொருத்தினாலோ, வேகத்தைக் கண்டு வீட்டுப் பிள்ளைகளே வியப்பார்கள்.

நூற்பாலைகளின் சோதனைக்கூடங்களில் இதற்கு நேர் எதிரான ஸ்திதியைக் காணலாம். நூலின் சீர்மையை அளக்கும் பழைய கருவியோடு வந்த மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடுமானால், கருவியின் விலையை உத்தேசித்து, இயங்குதளத்தை மாற்றாமல் வைத்திருப்பதே விவேகம். இணையத்திலிருந்து அந்தக் கணினியை முற்றிலும் துண்டித்துவிட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

வீட்டு மடிக்கணினியைப் பரணிலிருந்து இறக்கியதும் ஃபார்மட்டுக்கு அவசரப்பட வேண்டாம். பள்ளி நாளின் புகைப்படங்களும் பிராஜெக்ட் கோப்புகளும் வேறு எங்கும் பிரதி இல்லாமல் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். முதலில் அவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகையை அமைக்கும் முறையை அடுத்த வாரம் விவரிக்கிறேன்.